டொக்டர் ஐயாவின் மருந்துத் துண்டுகளில் பிழைகள் வருகின்றன: நான் யாரிடம் சொல்வது?

கேள்வி
எழுதியவர்: படுவான்கரை மருந்தாளர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஓர் ஊரில், தனியார் மருத்துவர் ஒருவரின் டிஸ்பென்சரியோடு ஒட்டிய பாமசியில் பதினொரு ஆண்டுகளாக மருந்தாளராக வேலை செய்கிறேன். டொக்டர் ஐயாவுக்கு இப்போது 74 வயது. அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் இந்த ஊர்களை விட்டுப் போகவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வந்து நோயாளர் பார்த்தவர். பாதை ஓடாத நாட்களில் தோணி பிடித்து வந்தவர். காசில்லாதவரிடம் காசு கேட்டறியாதவர். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், கீழே சொல்லப் போவதை வாசிப்பவர்கள் என்னை நன்றி கெட்டவள் என்று எண்ணிவிடக் கூடாது என்ற பயந்தான்.

கடந்த ஏழு மாதங்களில் கண்டவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசியில், மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேற் எடுக்கும் ஓர் அம்மாவின் துண்டில் ‘வாரத்துக்கு ஒரு நாள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தினமும்’ என்று இருந்தது. அந்த மருந்தைத் தினமும் கொடுத்தால் எலும்பு மச்சையே படுத்துவிடும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். மார்கழியில், தைரொயிட் நோயாளி ஒருவருக்குக் கார்பிமசோல் எழுதாமல் வலிப்பு மருந்தான கார்பமசெபின் எழுதியிருந்தார். மாசியில், அட்டையில் சிவப்பு மையால் ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்று அவரே எழுதியிருந்த ஒருவருக்கு அமொக்சிசிலின் கொடுக்கச் சொன்னார். பங்குனியில், காலையில் வந்து மருந்து எடுத்துச் சென்றவர் தன் மருத்துவக் கொப்பியைத் தவறவிட்டுவிட்டேன் என்று பின்னேரம் திரும்பி வந்தபோது, அவரைப் புதிய நோயாளியாகவே பரிசோதித்து அதே நுண்ணுயிர்க்கொல்லியை மறுபடியும் எழுதினார். சித்திரையில், எட்டுக் கிலோ நிறையுள்ள குழந்தைக்குப் பரசிற்றமோல் பாணி 5 மி.லீ. போதுமாக இருக்க, 15 மி.லீ. என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் நான் கண்டு, திருத்திக் கொடுத்துவிட்டேன். கடைசியானதைத் தவிர மற்றவற்றை அவரிடமும் சொன்னேன். இரண்டு தடவை நன்றி சொன்னார், ஒரு தடவை சிரித்தார், ஒரு தடவை கோபப்பட்டார். குழந்தையின் துண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர்ச்சனங்களோ ஐயாவின் ஞாபகசக்தியை மெச்சுகிறார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியின்போது எந்த வீட்டுக் கூரை எந்த வளவில் போய் விழுந்தது, யாருக்கு எத்தனை தையல் போட்டார் என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கே என் கொப்பியின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த மற்றவற்றையும் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு. மெட்போமினும் அஸ்பிரினும் எடுக்கிறார். கால் எரிவுக்கு இரவில் அமிட்ரிப்டிலின், தும்மலுக்குத் தினமும் பிரிட்டன் என்ற ஒவ்வாமை மாத்திரை. இரண்டையும் தாமே எழுதி எடுத்துக்கொள்கிறார். அவருடைய மனைவி போன ஆண்டு காலமானார். தை மாதத்தில் மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்து நெற்றியில் சிறு காயம் பட்டது. ஒரே மகள் கனடாவில் இருக்கிறார்.

இது வயதின் இயல்பா, நோயா? அவருக்கு மேலதிகாரி என்று ஒருவரும் இல்லாதபோது நான் யாரிடம் சொல்ல வேண்டும்? பேசாமல் திருத்திக் கொடுத்துக்கொண்டே இருப்பது சரிதானா?


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற தாதிய சகோதரி, அம்பாறை மாவட்டம்

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றவற்றைச் சொல்லப் படித்தவர்கள் வருவார்கள்.

எங்கள் வாட்டில் என்னைவிட மூன்று வயது மூத்த தாதி ஒருவர் இருந்தார். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. ஐம்பத்து நான்கு வயதில் அவரிடம் மாற்றம் தெரிந்தது. அது மறதி அல்ல. மருந்து நேரம், படுக்கை இலக்கம், நோயாளியின் பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால், வலியில் முனகும் நோயாளியைப் பார்த்துச் சிரித்தார். உறவினர் கொண்டுவந்த சாப்பாட்டைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டார். அவரைப் பார்த்தே நாங்கள் தொழில் பழகினோம் என்று சொல்லக்கூடிய ஒரு மனுசி, காயம் கட்டும்போது கையுறை போட மறுத்தார். நாங்கள் முதலில் வீட்டுப் பிரச்சினை என்றோம், பிறகு மாதவிடாய் நிற்கும் காலம் என்றோம், கடைசியில் திமிர் என்றோம்.

அந்த இடைக்காலத்தில் நாங்கள் செய்ததுதான் இப்போது நீங்கள் செய்வது. இன்சுலின் ஏற்றும் வேலையை அவரிடமிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டோம். இரவுக் கடமையில் அவரோடு எப்போதும் ஒரு கெட்டிக்காரியைப் போட்டோம். அவர் எழுத வேண்டிய அறிக்கையை நாங்கள் எழுதி, அவர் கையெழுத்தை மட்டும் வாங்கினோம். ஒன்றரை ஆண்டாக மேலிடத்துக்கு ஒரு பிழையும் தெரியவில்லை, ஏனென்றால் பிழை வெளியே வரும் வழிகளையெல்லாம் நாங்களே அடைத்து வைத்திருந்தோம். பிறகு ஒருநாள் உறவினர் ஒருவரோடு வாக்குவாதம் முற்றி முறைப்பாடு போனது, விசாரணை நடந்தது, தண்டனை இடமாற்றம் கிடைத்தது. புதிய இடத்தில் அவருக்காக மூடி மறைக்க யாரும் இல்லை. அதற்கும் ஓர் ஆண்டு கழித்துத்தான், கொழும்பில் எடுத்த ஸ்கானில் மூளையின் முன்பகுதி சுருங்கிப் போயிருப்பது தெரிந்து, அது ஒரு வகை டிமென்ஷியா என்று நிபுணர் சொன்னார். நோயாளியாக ஓய்வு பெற வேண்டியவர், ஒழுக்கக் கோவையில் ஒரு கறுப்புப் பக்கத்தோடு வீட்டுக்குப் போனார்.

அன்பினால்தான் செய்தோம். ஆனால், அந்த ஒன்றரை ஆண்டில் அவர் ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தால் விசாரணைக்குப் பதிலாக மெடிக்கல் போட், அதாவது மருத்துவக் குழுவின் பரிசோதனை, நடந்திருக்கும். உங்கள் கொப்பியைப் பூட்டி வைக்காதீர்கள். திருத்தும் ஒவ்வொரு தடவையும் அவரிடம் சொல்லுங்கள், குழந்தையின் துண்டு உட்பட.


பதில் 2
எழுதியவர்: பொது மருத்துவ நிபுணர், மட்டக்களப்பு

கேள்வி கேட்டவர் ‘மற்றவை’ என்று போகிற போக்கில் எழுதிய பந்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு மருத்துவரின் கண்ணுக்கு அதுதான் முக்கியமான பந்தி.

தை மாதம் விழுந்திருக்கிறார், அஸ்பிரின் எடுக்கிறார், வயது 74. மூளை வயதோடு சற்றுச் சுருங்குவதால், அதன் மேலுறைக்குக் கீழே உள்ள சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சாதாரண அடியிலேயே அவை கிழிந்து இரத்தம் மெல்லக் கசியலாம். குழப்பமும் தள்ளாட்டமும் தலைவலியும் பல வாரங்கள் கழித்தே தெரியவரும். இது சத்திரசிகிச்சையால் குணமாகக்கூடிய காரணம். உங்கள் கொப்பி ஐப்பசியிலேயே தொடங்குவதால் எல்லாவற்றுக்கும் இந்த விழுகை காரணமாக இருக்க முடியாது. ஆயினும், மாசிக்குப் பிறகு பிழைகள் கூடியிருக்கலாம் என்ற ஐயம் ஒரு சீ.ரீ. ஸ்கானுக்குப் போதுமானது. மற்றவை காத்திருக்கலாம், இதை இந்த வாரமே செய்யுங்கள்.

அடுத்தது மருந்துகள். அமிட்ரிப்டிலினும் பிரிட்டனும், புதிய நினைவைப் பதிப்பதற்கு மூளை பயன்படுத்தும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைத் தடுப்பவை. இரண்டையும் ஒன்றாக இரவுதோறும் எடுக்கும் முதியவர் அடுத்த நாள் முற்பகல் வரைக்கும் மந்தமாக இருப்பதில் வியப்பில்லை. வேறொருவர் இந்தப் பட்டியலோடு அவரிடம் வந்திருந்தால் அவரே இரண்டையும் வெட்டியிருப்பார். தமக்குத் தாமே மருத்துவராக இருப்பது எங்கள் தொழிலின் பழைய வியாதி. மெட்போமினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அதன் குறைபாடு கால் எரிவையும் தரும், மறதியையும் தரும். அப்படியானால், கால் எரிவுக்கு எடுத்த மாத்திரை மறதியை இன்னும் கூட்டியிருக்கும். தைரொயிட், சோடியம், குருதியில் சீனி இறங்கும் நேரங்கள், காது கேட்கும் திறன், குறட்டையும் தூக்கமும் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். துணைவியாரை இழந்து ஓர் ஆண்டுதான் ஆகிறது என்கிறீர்கள். முதியவர்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் மறதியாகவே வெளிப்படுவதுண்டு.

சூறாவளிக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நினைவு தெளிவாக இருப்பது நற்சான்று ஆகாது. அல்சைமர் நோயில் முதலில் பழுதாவது புதிய செய்தியைப் பதிக்கும் வேலை. 1978 அப்படியே இருக்க, இன்று காலை அழிந்துபோகும். மருத்துவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நாற்பது ஆண்டுகள் செய்த வேலையில் பெரும்பகுதி யோசிக்காமலே வருவது: நோயாளி கதவைத் தாண்டும்போதே பாதி நோய் தெரிந்துவிடும், பேச்சும் கைராசியும் குறையாது. குறைவது வேகமும், முதலில் நினைத்ததைப் புதிய தகவல் வந்தவுடன் மாற்றிக்கொள்ளும் திறனும், ஒரே நேரத்தில் மூன்று விடயங்களை மனத்தில் வைத்திருக்கும் திறனுமே. உங்கள் பட்டியலில் உள்ள மெதொட்ரெக்சேற், ஒத்த பெயருள்ள இரண்டு மருந்துகள், அட்டையில் உள்ள எச்சரிக்கை, குழந்தையின் நிறைக்கணக்கு எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

சோதனைத் தாள்களை மட்டும் நம்ப வேண்டாம். மொன்ட்ரியல் சோதனை எனப்படும் 30 புள்ளித் தாளில் 26 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வழமை என்பார்கள். ஆனால், உயர் கல்வி பெற்றவர்கள் நோய் தொடங்கிய பின்னரும் அதைத் தாண்டிவிடுவார்கள். போதாததற்கு, உங்கள் டொக்டர் அதே தாளைப் பிறருக்கு எத்தனையோ தடவை கொடுத்திருப்பார். அவருக்கு விரிவான உளவியல் மதிப்பீடு தேவை. அமெரிக்காவில் யேல் நியூ ஹேவன் வைத்தியசாலையில் 70 வயது கடந்த மருத்துவப் பணியாளர் 141 பேரை 16 சிறு சோதனைகளால் மதிப்பிட்டு, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 18 பேரிடம், அதாவது 12.7 வீதமானோரிடம், தனித்துத் தொழில் செய்வதைப் பாதிக்கக்கூடிய குறைபாடு காணப்பட்டது. அவர்கள் ஓய்வு பெற்றார்கள், அல்லது மேற்பார்வையின் கீழ் வேலை செய்ய இணங்கினார்கள்.

இனி உங்கள் பங்கு. ஐயத்துக்கிடமான துண்டுக்கு மருந்து கொடுக்காமல் நிறுத்தும் உரிமை, ஏன், கடமையே பதிவுபெற்ற மருந்தாளருக்கு உண்டு. அதற்கு நோயின் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. கொப்பியில் திகதி, எழுதியிருந்தது, இருந்திருக்க வேண்டியது, கண்டவர் யார் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். ‘மறதி நோய்’ என்ற சொல் அதில் வரக் கூடாது. அவரிடம் பேச வேண்டியவர் நீங்கள் அல்லர், அவருக்குச் சமமான ஒருவர். அவரோடு படித்த அல்லது வேலை செய்த மருத்துவர் நண்பர் கட்டாயம் இருப்பார். நோயாளர் வரிசை நிற்கும் நேரத்தில் பேச வேண்டாம். காலையில், வீட்டில் பேசட்டும். மகளுக்கும் தெரிய வேண்டும். எல்லாம் தோற்று, ஆபத்தான துண்டுகள் தொடர்ந்து வருமானால், மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவச் சபைக்கு எழுதலாம். மருந்தாளர்களின் பதிவும் அதே சபையிடம்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தெரிந்தும் பேசாதிருந்தது பற்றி நாளைக்கு உங்களிடமும் கேட்கப்படலாம். ஆனால், அந்தக் கதவைக் கடைசியாகத் தட்டுங்கள்.


பதில் 3
எழுதியவர்: ஆர்.எம்.பி. (பதிவுபெற்ற வைத்தியர்), வயது 71, அக்கரைப்பற்று

அனைவருக்கும் ஸலாம். நிபுணர் ஐயா எழுதியதில் பிழை இல்லை. ஆனாலும், இந்தப் பேச்சு போகும் திசை எனக்குக் கொஞ்சம் சுடுகிறது, ஏனென்றால் நானும் இன்னும் காலையில் இருபது, முப்பது நோயாளர் பார்ப்பவன்.

யேல் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களை மட்டும் சோதிப்பது வயதுப் பாகுபாடு என்று, அதே ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு அந்த வைத்தியசாலைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வையும் பாருங்கள். அமெரிக்க வைத்தியசாலைகளில், 40 வயதுக்குட்பட்ட மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற முதிய நோயாளரில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 10.8 வீதம், 60 வயதைத் தாண்டிய மருத்துவர்களிடம் 12.1 வீதம். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால், அதிகமான நோயாளரைப் பார்க்கும் மருத்துவர்களிடையே வயதுக்கும் இறப்புக்கும் தொடர்பே காணப்படவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. கை ஓயாதவரின் தொழில் எளிதில் கெடாது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

இளையவர்களின் மூளை மட்டும் எப்போதும் விழித்திருக்கிறதா? 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இலேயே காட்டிவிட்டார்கள். 2022க்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதும், மிச்சமிருப்பவர்கள் எத்தனை மணித்தியாலம் தொடர்ந்து கடமை பார்க்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நடு இரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுதப்பட்ட பிழைத் துண்டுகளை நானும் திருத்தியிருக்கிறேன். அவற்றுக்கு யாரும் கொப்பி வைக்கவில்லை. ஓய்வு வயதையே எடுங்கள்: அரச சேவையில் அதை 65 ஆக்கினார்கள், பிறகு 2022இலேயே மறுபடியும் 60 என்றார்கள். அந்த இடைவெளியில் யாருடைய மூளையும் ஐந்து வயது கூடிக் குறையவில்லை. பிரித்தானியாவில் 2012 டிசம்பரிலிருந்து எல்லா மருத்துவர்களும், முப்பது வயதானாலும் எழுபது வயதானாலும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை தகுதியை மீள உறுதிப்படுத்த வேண்டும். அப்படி ஒன்று இங்கே வந்தால் முதல் ஆளாக நான் போய் நிற்பேன். வயதைக் காட்டி என்னை மட்டும் கூப்பிட்டால் போகமாட்டேன்.

சகோதரியிடம் ஒரு வேண்டுகோள். ஐயாவிடம் கொப்பியைக் காட்டும் முன், ஐந்து துண்டுகளையும் வேறொரு மருந்தாளரிடம் காட்டுங்கள். சந்தேகம் வந்த கண்ணுக்கு எல்லாம் பிழையாகத் தெரியும்.


பதில் 4
எழுதியவர்: பொது மருத்துவ நிபுணர், மட்டக்களப்பு

ஆர்.எம்.பி. அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; தூக்கமின்மையைப் பற்றி அவர் சொன்னதை முழுமையாகவே ஏற்கிறேன். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவர்கள் வழமையான நீண்ட கடமை முறையில் வேலை செய்தபோது, குறைந்த நேர முறையில் செய்ததைவிட 36 வீதம் அதிகமான பாரதூரமான பிழைகளைச் செய்தார்கள்.

ஆனால், நான் எழுதியது 74 வயது என்பதற்காக அல்ல, ஐந்து துண்டுகளுக்காக. சராசரி எதையும் தனி ஒருவருக்குப் பொருத்த முடியாது என்பது இரண்டு பக்கமும் வெட்டும். வயதானவர்கள் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குகிறார்கள் என்பதை வைத்து உங்களைச் சந்தேகிக்க முடியாது; அதேபோல், அதிக நோயாளர் பார்ப்பவர்கள் சராசரியாகக் கெடுவதில்லை என்பதை வைத்து இந்த ஐயாவைக் காப்பாற்றவும் முடியாது. இன்னொன்று: தம்மைத் தாமே மதிப்பிடுவதில் மருத்துவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்லர். நோய் மூளையில் இருந்தால், தன் குறையை அறியும் உறுப்பே குறைபட்டிருக்கும். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

வேறொரு மருந்தாளரிடம் காட்டச் சொன்னது நல்ல ஆலோசனை. நான் அதை எழுதியிருக்க வேண்டும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: படுவான்கரை மருந்தாளர்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சகோதரி அக்காவின் பதிலை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஐயாவோடு ஒன்றாகப் படித்த டொக்டர் ஒருவர் கல்லடியில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலை அவர் ஐயாவின் வீட்டுக்கு வந்தார். அரை மணித்தியாலம் என்ன பேசினார்களோ தெரியாது. பிறகு கொப்பியோடு என்னை உள்ளே வரச் சொன்னார்கள். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். குழந்தையின் துண்டு ஒட்டியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, “இது என் பிழை அல்ல, பிள்ளை. நான் எண்ணுக்கு முன்னால் சாய்கோடு போடுகிறவன், இது 15 அல்ல, கோடும் 5உம்” என்றார். பார்த்தேன். கோடு கொஞ்சம் நிமிர்ந்து விழுந்திருந்தது, அவ்வளவுதான். பதினொரு ஆண்டுகளாக அந்தக் கையெழுத்தை வாசித்தவள் நான்; அந்த நான்கு துண்டுகளுக்குப் பிறகு அவருடைய கோடும் எனக்கு எண்ணாகிவிட்டது. ஆர்.எம்.பி. அவர்கள் சொன்னபடி முதலில் வேறொருவரிடம் காட்டியிருந்தால் அந்த வெட்கம் மிஞ்சியிருக்காது. மற்ற நான்கையும் அவர் மறுக்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு பேசவுமில்லை.

ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லை. பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். பிரிட்டனை நிறுத்திவிட்டார், அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருப்பதாகக் கல்லடி டொக்டர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் நான் இப்போது என் கண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. ஏனென்றால், போன வியாழக்கிழமை பெரிய துண்டு ஒன்றில் அதே மாத்திரை இரண்டு இடத்தில் இருந்தது. நரம்பியல் நிபுணரிடம் அடுத்த புதன்கிழமைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. மகளும் ஆவணியில் வருகிறாராம்.

அது வரைக்கும் சில மாற்றங்களை ஐயாவே செய்திருக்கிறார். பின்னேர நேரத்தை நிறுத்திவிட்டார். குழந்தைகளையும், மெதொட்ரெக்சேற், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் ஆகியவற்றை எடுப்பவர்களையும் ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அனுப்புகிறார். சனங்கள் முணுமுணுக்கிறார்கள், பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே. சில பேர் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள் என்பதும் காதுக்கு வருகிறது.

கொப்பி இப்போது என்னிடம் இல்லை. ஐயாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு பேரும் அதில் எழுதுகிறோம். நேற்றைய பதிவு அவருடைய கையெழுத்தில்: ‘முற்பகல் 10.20. அலோபுரினோல் எழுத நினைத்து அட்டெனொலோல் எழுதினேன். நானே கண்டு வெட்டினேன்.’ அதற்குக் கீழே, மருந்தாளரும் பார்த்தார் என்று நான் கையெழுத்திட ஓர் இடம் விட்டு, கோடு போட்டு வைத்திருந்தார்.